ஒரு பாட்டில் டுனாவுக்கு ஏன் இவ்வளவு விலை?

தீபாவளிக்கு முன்பு அண்ணன் வேலை செய்யும் இடத்தில் ஒரு பரிசுக்கூடை கொடுத்தார்கள். பிஸ்கட் டின், பழச்சாறு, பேரீச்சம்பழம் என்று வழக்கமான பொருள்களுக்கு நடுவே ஒரு சிறிய கண்ணாடிப் பாட்டிலும் இருந்தது. உள்ளே பொன்னிற எண்ணெயில், வெளிர் நிற மீன் துண்டுகளை நீளவாக்கில் அடுக்கியிருந்தார்கள். ஆலிவ் எண்ணெயில் போட்ட ஸ்பெயின் நாட்டு டுனா. புரட்டாசி மாதம் என்பதால் அம்மா அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டார்.

தீபாவளி முடிந்த பிறகு ஒருநாள் பாட்டிலைத் திறந்தார். டின் மீனுக்கு என்ன செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். எண்ணெயை வடித்துக் கொட்டினார். வெங்காயம், மிளகாய் விழுது, புளிக்கரைசல் சேர்த்துச் சம்பல் கிளறி, அதில் மீனைப் போட்டுப் பிரட்டினார். மீன் தூள்தூளாக உடைந்து, வாயில் வைத்தால் நார் போல இருந்தது. அடுத்த வாரம் பேரங்காடியில் அதே பாட்டிலின் விலையைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். வீட்டில் வழக்கமாக வாங்கும் டுனா டின்னைப் போல ஐந்து மடங்குக்கு மேல் விலை.

“இதுக்கா இவ்வளவு காசு? நம்ம டின் மீனே தேவலாம்,” என்றார்.

அம்மாவின் கேள்வி நியாயமானது. இப்போது இந்தப் பாட்டில்கள் பட்டணத்துப் பேரங்காடிகளில் மட்டுமல்ல, பரிசுக்கூடைகள் வழியாக நம் வீடுகளுக்கும் வருகின்றன. விலை ஏன் கூடுதல், எதைப் பார்த்து வாங்குவது, எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

எந்த மீன் இது?

டுனா என்பது ஒரே மீனின் பெயர் அல்ல. தமிழில் சூரை என்று சொல்லும் மீன் குடும்பத்துக்கே அது பொதுப்பெயர். சந்தையில் தொங்கோல், ஐக்கான் காயு என்று மலாயில் கேட்டு வாங்குகிறோமே, அவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

உலகில் விற்கும் மலிவான டுனா டின்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்கிப்ஜாக் எனும் வரிச்சூரை. உருவத்தில் சிறியது, சதை கொஞ்சம் கருமையாக இருக்கும். அதற்கு அடுத்து மஞ்சள் துடுப்புச் சூரை. விலை கூடிய ஸ்பெயின் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது அல்பகோர் என்ற நீண்ட துடுப்புச் சூரை. இதன் சதை வெளிர் நிறமாகவும் மென்மையாகவும் இருக்கும். அமெரிக்காவில் ‘வெள்ளை டுனா’ என்று லேபிள் ஒட்டுவதற்கு இந்த ஒரு வகைக்கு மட்டுமே அனுமதி உண்டு.

ஸ்பெயின்காரர்கள் இதை ‘போனித்தோ டெல் நோர்தே’ என்று அழைக்கிறார்கள். வடக்கின் போனித்தோ என்று பொருள். வெறும் ‘போனித்தோ’ என்று மட்டும் இருந்தால் அது வேறு மீனாகவும் இருக்கலாம். ‘நோர்தே’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முதல் செலவு கடலில்

அட்லாண்டிக் பெருங்கடலில் வாழும் இந்த மீன், கோடைக்காலத்தில் இரை தேடி பிஸ்கே வளைகுடாவுக்குள் வரும். ஸ்பெயினின் வடகரையில் உள்ள பெர்மேயோ, கெத்தாரியா, சந்தோஞா போன்ற துறைமுக ஊர்களின் படகுகள் ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர், அக்டோபர் வரை இதைப் பிடிக்கின்றன. ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே நடக்கும் வேட்டை இது.

பிடிக்கும் முறையும் பழையது. ஒன்று, ஓடும் படகிலிருந்து தூண்டில்களை இழுத்துச் செல்வது. மற்றொன்று, உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசி மீன் கூட்டத்தைப் படகருகே வரவழைத்துத் தூண்டில் கழியால் தூக்குவது. இரண்டிலும் மீன்கள் ஒவ்வொன்றாகத்தான் படகில் ஏறும். வலையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நசுங்குவதில்லை. சதை கெடாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த முறை எளிதில் நிலைத்துவிடவில்லை. 1994ஆம் ஆண்டு கோடையில், மிதவை வலைகளைப் போட்டு ஒரே இழுப்பில் மீனை அள்ளிய பிரெஞ்சு, பிரிட்டிஷ் படகுகளுக்கும் தூண்டில் போடும் ஸ்பெயின் மீனவர்களுக்கும் இடையே பிஸ்கே வளைகுடாவில் பெரிய மோதலே நடந்தது. ‘டுனாப் போர்’ என்று ஐரோப்பியச் செய்தித்தாள்கள் எழுதின. வலையில் டால்பின்களும் மாட்டுகின்றன, தங்கள் பிழைப்பும் போகிறது என்று தூண்டில்காரர்கள் வாதாடினார்கள். 2002ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து இந்த மீனைப் பிடிக்க அத்தகைய வலைகளைப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. பாட்டிலின் விலையில் ஒரு பங்கு, ஒவ்வொன்றாகப் பிடிக்கும் அந்த மெதுவான வேலைக்கான கூலி.

அடுத்த செலவு கைவேலை

கரைக்கு வந்த மீனின் தலையையும் குடலையும் நீக்கி உப்பு நீரில் வேகவைப்பார்கள். ஆறிய பிறகு தோலை உரித்து, முள்ளை எடுத்து, கருஞ்சதையைச் சிறு கத்தியால் சுரண்டி நீக்குவார்கள். பிறகு நீளத் துண்டுகளாகப் பிரித்துப் பாட்டிலில் அடுக்குவார்கள். தரமான தயாரிப்புகளில் இந்த வேலை இன்றும் கையால்தான் நடக்கிறது. அந்தக் கரையோரத் தொழிற்சாலைகளில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

மலிவான டின்னில் மீன் துருவலாகவும் துண்டுதுணுக்காகவும் இருக்கும். வெட்டும்போது உதிர்ந்தவையும் அதற்குள் போய்விடும். விலை கூடிய பாட்டிலில் முழுத் துண்டு உடையாமல் இருக்க வேண்டும். ஒரு துண்டைக் கரண்டியால் லேசாக அழுத்தினால் பூவிதழ் போல அடுக்கடுக்காகப் பிரிய வேண்டும்.

இதிலும் விலை உயர்ந்தது ‘வென்ட்ரெஸ்கா’ எனப்படும் வயிற்றுப் பகுதி. ஒரு மீனில் கொஞ்சமே கிடைக்கும். கொழுப்பு அதிகம் என்பதால் வெண்ணெய் போல இருக்கும். முதன்முறையாக வாங்குபவர்கள் இதைத் தேடிப் போக வேண்டியதில்லை. சாதாரண முதுகுப் பகுதியே போதும்.

மீனைக் கெடாமல் காப்பது எண்ணெயா?

எண்ணெயில் மூழ்கியிருப்பதால்தான் மீன் கெடுவதில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஊறுகாய் ஜாடியின் மேல் நல்லெண்ணெய் நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் மாங்காய் ஊறுகாயைக் காப்பது அதிலுள்ள புளிப்பும் உப்பும். எண்ணெய் அதற்குத் துணை மட்டுமே. கருவாட்டில் உப்பும் வெயிலும் நீரை வெளியேற்றுகின்றன. மாலைத் தீவிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தார் சமையலில் நிலைத்துவிட்ட மாசியும் சூரை மீன்தான். அதை வேகவைத்து, புகையிட்டு, கட்டை போலக் காயவைப்பார்கள். அங்கேயும் நீர் போவதுதான் பாதுகாப்பு.

பாட்டில் டுனாவில் நீர் போகவில்லை, புளிப்பும் இல்லை. அதைக் காப்பது சூடு. மீனையும் எண்ணெயையும் இட்டுக் காற்றுப் புகாமல் மூடிய பிறகு, பிரஷர் குக்கர் போன்ற பெரிய கலனில் 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வைப்பார்கள். உள்ளே இருக்கும் கிருமிகள் சாகும். மூடி இறுகியிருப்பதால் புதிய கிருமி நுழையாது.

மூடி வைத்துச் சூடாக்கும் இந்த வழியைக் கண்டவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். அவர் பயன்படுத்தியது கண்ணாடிப் பாட்டில். அதற்காக பிரெஞ்சு அரசு 1810இல் அவருக்கு 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் என்பவர் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த இரும்புத் தகடு துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் பூசியது, நாம் ஈயம் என்று சொல்லும் வெள்ளீயம். டின் உணவுத் தொழில் பெருகப் பெருக ஈயத்தின் தேவையும் பெருகியது. பேராக்கின் ஈயச் சுரங்கங்கள் செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1892இல் ஆல்ஃபிரட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய வணிகம்தான், சேவல் படம் போட்ட ஆயாம் பிராண்ட் டின்களாக நம் தோட்டத்து மளிகைக் கடைகள் வரை வந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ‘வீட்டிலேயே மீனை வேகவைத்து எண்ணெய் ஊற்றி வைத்தால் மலிவாகப் போகுமே’ என்று யாரும் முயல வேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில்தான் போட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோயை உண்டாக்கும் கிருமி வளரும். மீன்மேல் நிற்கும் எண்ணெய் அதற்கு வசதி செய்து கொடுக்கும். சாதாரணக் கொதிநீர்ச் சூட்டில் அதன் வித்துகள் சாவதில்லை. வீட்டில் செய்தால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும்.

அப்படியானால் ஆலிவ் எண்ணெய்க்கு என்ன வேலை? மீன் உலராமல் வைத்திருப்பது, மீனின் சுவையைத் தான் வாங்கித் தன் சுவையை அதற்குக் கொடுப்பது. நாள் ஆக ஆக உப்பும் எண்ணெயும் சதைக்குள் சீராக ஊறும். அதனால் சில மாதங்கள் காத்திருந்த பாட்டிலுக்குச் சுவை கூடும் என்பது ஸ்பெயினில் பலருடைய கருத்து. புரட்டாசி முழுவதும் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்ததால் அந்த மீனுக்கு ஒரு குறையும் வந்திருக்காது.

கடையில் எதைப் பார்ப்பது?

முதலில், சேர்மானப் பட்டியல். நல்ல பாட்டிலில் மூன்றே பொருள்கள் இருக்கும்: மீன், ஆலிவ் எண்ணெய், உப்பு. சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், காய்கறிச் சாறு, சுவையூட்டி என்று பட்டியல் நீண்டால் அது வேறு தரம். முன்பக்கத்தில் ஆலிவ் கிளை படம் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்.

இரண்டாவது, மீனின் அறிவியல் பெயர். துன்னுஸ் அலலுங்கா என்றால் அல்பகோர். துன்னுஸ் அல்பகாரெஸ் என்றால் மஞ்சள் துடுப்புச் சூரை. கட்சுவோனுஸ் பெலாமிஸ் என்றால் வரிச்சூரை. வரிச்சூரை மோசமான மீன் அல்ல. ஆனால் வரிச்சூரைக்கு அல்பகோர் விலை கொடுக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, எடை. நிகர எடை என்பது எண்ணெயும் சேர்ந்தது. வடிகட்டிய எடை என்பதுதான் மீனின் எடை. எடுத்துக்காட்டாக, 220 கிராம் என்று போட்ட பாட்டிலில் மீன் 150 கிராமாக இருக்கலாம். இரண்டு பாட்டில்களின் விலையை ஒப்பிடும்போது வடிகட்டிய எடையை வைத்தே கணக்குப் போடுங்கள்.

‘எக்ஸ்ட்ரா வெர்ஜின்’ என்று இல்லையே என்று தயங்க வேண்டாம். அந்த எண்ணெயின் காரமும் கசப்பும் மீனின் சுவையை அமுக்கிவிடும் என்று, தெரிந்தே மென்மையான ஆலிவ் எண்ணெயைச் சேர்க்கும் தயாரிப்பாளர்கள் உண்டு.

மூடி உப்பியிருந்தாலோ, டின் நசுங்கி மடிப்போரம் பிளந்திருந்தாலோ, மலிவு விலையில் கிடைத்தாலும் எடுக்க வேண்டாம்.

அடுப்பில் ஏற்றாதீர்கள்

அம்மாவின் சம்பலில் மீன் ஏன் நாராகிப் போனது? அந்த மீன் பாட்டிலுக்குள் போகும் முன்பே ஒருமுறை வெந்துவிட்டது. மூடிய பிறகு இன்னொரு முறை வெந்தது. மூன்றாவது முறையும் சூடேற்றினால் சதையில் எஞ்சியிருக்கும் ஈரம் போய்விடும். காப்பாற்றியிருக்கக்கூடிய எண்ணெயையும் முதலிலேயே கொட்டிவிட்டோம். சம்பலுக்கும் குழம்புக்கும் நம் வழக்கமான டின் மீனே ஏற்றது. மிளகாயும் புளியும் அதை நன்றாகத் தூக்கிக்கொடுக்கும். விலை கூடியதை அதற்குப் போடுவது வீண்.

இந்தப் பாட்டிலைச் சாப்பிடும் முறை எளிது. குளிர்பதனப் பெட்டியில் இருந்தால் அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். குளிரில் ஆலிவ் எண்ணெய் வெண்மையாக உறைந்திருக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, அறைச் சூட்டில் உருகிவிடும். முள்கரண்டியால் துண்டுகளை உடைக்காமல் தூக்கித் தட்டில் வையுங்கள். பிசைய வேண்டாம். முதல் துண்டை எதுவும் சேர்க்காமல் சாப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்பெயினில் வறுத்த சிவப்புக் குடைமிளகாய், இலைக்கோசு, பச்சை வெங்காயம், வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவற்றோடு இதைச் சாப்பிடுவார்கள். நம் வீட்டில் அதற்கெல்லாம் அலைய வேண்டாம். காலைப் பசியாறலுக்கு வாட்டிய ரொட்டியில் பழுத்த தக்காளியைத் தேய்த்து, பாட்டில் எண்ணெயில் ஒரு கரண்டி விட்டு, மேலே இரண்டு துண்டு மீன் வைத்தால் போதும். மதியத்துக்குச் சுடுசோறு. பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு, மேலே மீன், அதன்மேல் எண்ணெய். உப்பைக் கடைசியில், ருசி பார்த்த பிறகு சேர்க்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

அந்த எண்ணெயைக் கொட்டாதீர்கள். மீனிலுள்ள ஒமேகா 3 கொழுப்பில் ஒரு பகுதி அதில் இறங்கியிருக்கும், காசும் அதில் இருக்கிறது. ஆனாலும் அது எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. அளவோடு ஊற்றுங்கள்.

திறந்த பிறகு மீதி இருந்தால் எண்ணெய் மீனை மூடும்படி வைத்து, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். டின்னாக இருந்தால் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் முடித்துவிட வேண்டும். நம் வெப்பத்தில் மேசைமேல் மணிக்கணக்கில் விட்டுவைத்தால் சூரை மீனில் ஹிஸ்டமின் சேரலாம். முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். மீண்டும் சூடாக்கினாலும் அது போகாது.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

அல்பகோரில் வரிச்சூரையைவிடப் பாதரசம் கூடுதல். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ 113 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. குழந்தைகளுக்கு இன்னும் குறைவாக. யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்திருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கும் இது தினசரி உணவு அல்ல, எப்போதாவது ஒரு நாளைக்குத்தான்.

இரண்டாவது பாட்டில்

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, சம்பள நாளில் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். “மறுபடியுமா?” என்று அம்மா முகம் சுளித்தார். நானே தட்டில் போட்டேன். சுடுசோறு, சின்ன வெங்காயம், எலுமிச்சை, மீன். எண்ணெயைச் சோற்றின்மேல் விட்டபோது தடுக்கப் பார்த்தார்.

சாப்பிட்டுக்கொண்டே, அங்கே பெண்கள் மீனை எப்படிக் கையால் உரித்து அடுக்குகிறார்கள் என்று சொன்னேன். அம்மா இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பட்டையில் கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் கெடும் என்பதைக் கையால் அறிந்தவர். ஒரு துண்டை விரலால் பிரித்து, அதில் ஒரு முள்கூட இல்லை என்று பார்த்தார்.

“கை வேலைன்னா காசு கூடத்தான் இருக்கும்,” என்றார். பிறகு, “ஆனா மாசா மாசம் வாங்காதே. தீபாவளிக்கு ஒண்ணு போதும்,” என்று சொல்லிவிட்டுப் பாட்டிலின் அடியில் கிடந்த எண்ணெயைத் தன் சோற்றில் ஊற்றிக்கொண்டார்.